ஓசோனை அளப்பதில் யாரை நம்புவது: டாப்சனா, பலூனா, செயற்கைக்கோளா?

ஒரே ஒரு கருவியை மட்டும் காப்பாற்ற முடியும் என்றால் நான் டாப்சன் நிறமாலைமானியைத்தான் எடுப்பேன். 1920களில் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்த கருவி. சூரிய ஒளியில் இரண்டு புற ஊதா அலைநீளங்களை எடுத்துக்கொள்ளும். ஒன்றை ஓசோன் பலமாக உறிஞ்சும், மற்றதைக் குறைவாகவே தொடும். இரண்டின் விகிதத்திலிருந்து தலைக்கு மேலுள்ள மொத்த ஓசோன் தெரிந்துவிடும். 300 டாப்சன் அலகு என்றால், அத்தனை ஓசோனையும் கடல்மட்ட அழுத்தத்தில், 0 டிகிரி வெப்பநிலையில் தரைக்குக் கொண்டுவந்தால் 3 மில்லிமீட்டர் தடிமன். நம்மைக் காப்பது அவ்வளவுதான்!

பெரிய அனுகூலம், கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. சந்தேகம் வந்தால் இன்னொரு டாப்சனைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். உலகத் தர அளவுகோலான 83ஆம் எண் டாப்சனை ஹவாயின் மௌனா லோவா மலையில் சரிபார்க்கிறார்கள்.

செயற்கைக்கோளுக்கு அந்த வசதி இல்லை. 1978இல் ஏவிய நிம்பஸ்-7இல் இருந்த டாம்ஸ் என்ற ஓசோன் அளக்கும் கருவியில், சூரிய ஒளியைச் சிதறடித்து உள்ளே அனுப்பும் தகடு வெயிலில் மங்கிக்கொண்டே வந்தது; அளவீடு மெல்ல நழுவியது, தரை அளவீடுகளோடு ஒப்பிட்டுத்தான் அது உறுதியானது. அண்டார்டிக் ஓசோன் ஓட்டையை 1985இல் உலகுக்குச் சொன்னதும் அங்குள்ள பிரிட்டிஷ் ஆய்வு நிலையமான ஹாலியின் டாப்சன்தான். 180 அலகுக்குக் கீழான எண்களை டாம்ஸின் கணினி நிரல் ‘சந்தேகத்துக்குரியவை’ என்று குறித்து வைத்திருந்தது. ஆனால் ஓட்டை ஒரு கண்டத்தின் அளவுக்குப் பரந்திருக்கிறது என்று வரைபடமாகக் காட்ட அதே செயற்கைக்கோள்தான் வேண்டியிருந்தது. ஒற்றை நிலையத்தால் அது ஆகாது.

எந்த உயரத்தில் இழப்பு என்று கேட்டால் டாப்சனிடம் தெளிவான பதில் கிடையாது. அங்கே பலூன்தான். அது தூக்கிச்செல்லும் கருவியில் சிறு பம்ப் ஒன்று காற்றை பொட்டாசியம் அயோடைடு கரைசலுக்குள் செலுத்தும். ஓசோன் வினைபுரியும்போது எழும் மின்னோட்டமே அளவு. சூரியன் தேவையில்லை என்பதால் துருவ இரவிலும் வேலை நடக்கும். 30 கிலோமீட்டருக்கு மேல்வரை, சுமார் 100 மீட்டர் நுணுக்கத்தில் விவரம் கிடைக்கிறது. அண்டார்டிக் வசந்தத்தில் 14 முதல் 20 கிலோமீட்டர் வரை ஓசோன் கிட்டத்தட்ட இல்லாமலே போவதை இப்படித்தான் துல்லியமாகப் பார்த்தார்கள். காற்று மெலிய மெலிய பம்பின் திறன் குறையும், அதைத் திருத்தியாக வேண்டும்.

ஓசோனைத் தின்னும் வாயுக்கள் என்று வரும்போது என் தேர்வு மாறிவிடுகிறது. 2004இல் ஏவிய ஆரா செயற்கைக்கோளின் எம்எல்எஸ் கருவி, வளிமண்டலம் தானே உமிழும் நுண்ணலைகளைப் பக்கவாட்டில் பார்த்து குளோரின் மோனாக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு, நீராவி எல்லாவற்றையும் இரவு பகலாக அளந்து வந்திருக்கிறது. செங்குத்து நுணுக்கம் சில கிலோமீட்டர்தான், போகட்டும். 2022 ஜனவரியில் ஹுங்கா டோங்கா எரிமலை வெடித்து, ஓசோன் நிறைந்த அடுக்கு மண்டலத்தின் நீராவியைச் சுமார் 10 சதவீதம் கூட்டியதை உலகளவில் கணக்கிட்டது இதுவே. இதன் இடத்தை டாப்சனால் நிரப்ப முடியாது.

தரையை எட்டும் புற ஊதாக் கதிரை அளப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை: தரைக் கருவிதான். செயற்கைக்கோள் அதை நேரடியாக அளப்பதில்லை. ஓசோனையும் மேகத்தையும் வைத்துக் கணக்கிடுகிறது. தரையை ஒட்டிய தூசும் புகையும் உறிஞ்சுவது அதற்குச் சரியாகத் தெரியாததால், மாசுபட்ட நகரங்களில் உண்மையைவிட அதிகமாகச் சொல்லிவிடும். தோலில் விழும் கதிர் எவ்வளவு என்று தெரிய, ஓசோனையும் புற ஊதாவையும் ஒருசேர அளக்கும் ப்ரூவர் கருவியைத் தரையில் வைப்பதே சரி.