சாக்குபிட்ரில்–வால்சார்டான் மாத்திரை: மருந்து நல்லது, மாற்றும்போதுதான் தவறு நடக்கிறது

இதயச் செயலிழப்புக்குத் தரும் இந்த மாத்திரையின் ஸ்ட்ரிப்பில் 50, 100, 200 என மூன்று அளவுகள். 50 என்பது சாக்குபிட்ரில் 24 மி.கி., வால்சார்டான் 26 மி.கி. சேர்ந்தது, 200 என்பது 97-ம் 103-ம். வெளிநாட்டுச் சீட்டில் 24/26 என்று இருந்தால் அது நம் ஊர் 50தான். காலை ஒன்று, இரவு ஒன்று. சாப்பிடும் முன்னா பின்னா என்பது பொருட்டல்ல.

எக்கோவில் ஈ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 40 சதவீதமோ அதற்குக் கீழோ இருக்கும் இதயச் செயலிழப்புக்கு இது உண்மையிலேயே வேலை செய்கிறது. 2014-இல் வெளியான பாரடைம் ஆய்வில் 8,399 பேர். இதயநோயால் மரணம் அல்லது இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது, எனலாப்ரில் என்ற பழைய மருந்தை எடுத்தவர்களில் 26.5 சதவீதம், இதை எடுத்தவர்களில் 21.8. ஒரு நெருடல் உண்டு: இரண்டு மருந்தையும் முதலில் கொடுத்துப் பார்த்து, தாங்கியவர்களைத்தான் ஆய்வில் சேர்த்தார்கள். தலைசுற்றலும் பிரஷர் இறக்கமும் வீட்டில் கொஞ்சம் கூடவே தெரியலாம்.

மாரடைப்பு வந்த கையோடு இதைத் தொடங்கலாமா? பாஸ்டன் பிரிகாம் மருத்துவமனையின் மார்க் ஃபெஃபர், மாரடைப்புக்குப் பின் கேப்டோப்ரில் (எனலாப்ரில் இனத்து மருந்து) உயிர் காக்கும் என்று 1992-இல் சேவ் ஆய்வில் காட்டியவர். அவரே தலைமையேற்ற பாரடைஸ் ஆய்வில் (2021) 5,661 பேருக்கு இதையும் அதே இனத்து ராமிப்ரிலையும் ஒப்பிட்டார்கள்: இதயநோயால் மரணம் அல்லது இதயச் செயலிழப்பு இதில் 11.9 சதவீதம், ராமிப்ரிலில் 13.2 சதவீதம். புள்ளியியல்படி அந்த வித்தியாசம் நிற்கவில்லை. ராமிப்ரில் ஒத்துக்கொள்கிறவருக்கு அந்த வாரமே இதற்கு மாற அவசரம் இல்லை.

இனி, பெரிய தவறு. ராமிப்ரில், எனலாப்ரில் போன்றவற்றின் கடைசி மாத்திரைக்கும் இதன் முதல் மாத்திரைக்கும் இடையே 36 மணி நேரம் கட்டாயம். பிராடிகைனின் என்ற பொருளை உடலில் உடைக்கும் இரண்டு நொதிகளில் ஒன்றைப் பழைய மாத்திரை அடைக்கிறது, மற்றதை சாக்குபிட்ரில் அடைக்கிறது. இரண்டும் ஒன்றாக அடைபட்டால் உதடு, நாக்கு, தொண்டை வீங்கி மூச்சே நிற்கலாம். இரண்டையும் ஒரே மாத்திரையில் அடைத்த ஒமாபாட்ரிலாட் என்ற மருந்து இந்த வீக்கத்தால்தான் கடைக்கு வராமலே போனது. டப்பாவில் மிச்சமிருக்கும் பழைய ஸ்ட்ரிப்பை அன்றே எடுத்துவிடுங்கள். வால்சார்டான் இனத்து டெல்மிசார்டான், லோசார்டான் எடுத்தவர்களுக்கு இந்த இடைவெளி வேண்டாம். அடுத்த வேளைக்கு அதற்குப் பதில் இது. இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது.

பழைய மருந்தை முழு அளவில் எடுத்தவருக்கு 100-இல் தொடக்கம். குறைந்த அளவில் எடுத்தவர், புதிதாகத் தொடங்குபவர், சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவர் என்றால் 50. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கி 200 வரை போவது வழக்கம். மேல் பிரஷர் 100-க்குக் கீழ் இருந்தால் தொடங்கும் முன் டாக்டர் யோசிப்பார். பிரஷர் இறங்கினால் இதை நிறுத்துவதற்கு முன், நீர் மாத்திரையையோ அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையையோ குறைக்க முடியுமா என்று கேளுங்கள். சிலர் 50-லேயே தேங்கிப்போவது இதைக் கேட்காததாலும் இருக்கலாம்.

தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில் பொட்டாசியம், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். ‘லோ சோடியம்’ உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது, இதோடு ஆகாது. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்கும் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு அறவே கூடாது. இதயச் செயலிழப்பை அளக்கப் பார்க்கும் பி.என்.பி. ரத்தத்தில் இந்த மருந்தாலேயே ஏறிக் காட்டும், லேபில் என்.டி. புரோ பி.என்.பி. என்று கேட்டு எடுங்கள்.

விலை? 2023-இல் இந்தியாவில் காப்புரிமை முடிந்த பிறகு பல கம்பெனிகள் தயாரிக்கின்றன, நன்றாகவே குறைந்திருக்கிறது. கம்பெனி மாற்றி வாங்கினால் பெயரைப் பார்க்காமல் மி.கி. எண்ணைப் பாருங்கள்.