நோரா ஜோன்ஸின் கிறிஸ்துமஸ் ஆல்பம்: நான்கு டிசம்பர்களுக்குப் பிறகு

‘ஐ ட்ரீம் ஆஃப் கிறிஸ்துமஸ்’ 2021 அக்டோபரில் ப்ளூ நோட் இசை நிறுவனம் வெளியிட்ட ஆல்பம். அமெரிக்கப் பாடகி நோரா ஜோன்ஸின் முதல் கிறிஸ்துமஸ் ஆல்பம் இதுதான். மொத்தம் 13 பாடல்கள். 6 புதியவை, 7 பழையவை. அப்போது வந்த விமர்சனங்கள் பெரும்பாலும் அன்பானவை. குரலின் கதகதப்பையும், சொந்தப் பாடல்கள் எழுதிய துணிவையும் பாராட்டினார்கள். குறை சொன்னவர்கள், எல்லாம் ஒரே நிதானத்தில் போகிறது, பின்னணி இசையாகக் கரைந்துவிடுகிறது என்றார்கள்.

அந்தக் குறை பாதி உண்மை. ஆனால் பண்டிகை ஆல்பத்தை வெளியான வாரத்தில் இரண்டு தடவை கேட்டு எடைபோட முடியாது. ஆண்டுக்கு ஒரு மாதம் என்று திரும்பத் திரும்பக் கேட்கும் பொருள் இது. மூன்றாவது டிசம்பரிலும் சலிக்காமல் இருக்கிறதா என்பதுதான் சோதனை. இந்த ஆல்பம் அதில் தேறுகிறது.

‘கிறிஸ்துமஸ் டோன்ட் பி லேட்’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1958இல் வந்த மூலப் பாட்டில் அணில் குரல்கள் கீச்சிடும். மெதுவாகப் பாடிப் பதிவுசெய்த டேப்பை வேகமாக ஓடவிட்டு உண்டாக்கிய குரல்கள் அவை. குழந்தையின் அவசரம்தான் அந்தப் பாட்டு. நோரா அதை இழுத்து, தாழ்ந்த குரலில் பாடுகிறார். அதே வரிகள், ஆனால் கேட்பது பெரியவர்களின் காத்திருப்பு. ஊரடங்குக்குப் பிந்தைய ஆண்டில் வந்ததால் அப்படிக் கேட்டது என்று முதலில் தோன்றியது. இன்றும் அந்த ஏக்கம் குறையவில்லை. சக் பெர்ரி துள்ளிக் குதித்த ‘ரன் ருடால்ஃப் ரன்’னுக்கும் இதே வைத்தியம்தான், அங்கே பலன் கொஞ்சம் குறைவு. சாண்டாவின் மான் வண்டியே ஓடவில்லையே என்று தோன்றும்.

புதிய பாடல்களில் நிற்பவை ‘கிறிஸ்துமஸ் காலிங்’, ‘இட்ஸ் ஒன்லி கிறிஸ்துமஸ் ஒன்ஸ் எ இயர்’ இரண்டும். தயாரிப்பாளர் லியோன் மிஷெல்ஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையிலிருந்து வந்தவர், அந்த மண்வாசனை இவற்றில் இருக்கிறது. நோராவும் மிஷெல்ஸும் சேர்ந்த அதே கூட்டணி 2024இல் ‘விஷன்ஸ்’ ஆல்பம் செய்து, 2025இல் அதற்குக் கிராமி வாங்கியது. பண்டிகைக்கால உபரி வேலை என்று இதை ஒதுக்கியவர்கள் கவனிக்கத் தவறியது அந்தத் தொடக்கத்தை.

கேட்கும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மரியா கேரி வகைத் துள்ளல் பாடல்களோடு கலந்து ஷஃபிளில் போட்டால் இது தொய்ந்துவிடும், ஏனென்றால் இதன் பாடல்கள் ஒன்றையொன்று தாங்கும்படி அடுக்கப்பட்டவை. வரிசையாகவே போடுங்கள். 2022இல் கூடுதல் பாடல்களோடு வந்த பதிப்பு இருந்தால், 13ஆவதான ‘வாட் ஆர் யூ டூயிங் நியூ இயர்ஸ் ஈவ்’ முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். புத்தாண்டு இரவைக் கேட்டபின் மறுபடி கிறிஸ்துமஸுக்குத் திரும்புவது உறுத்தும்.

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பிரையன் பிளேடின் டிரம்ஸில் உயிர் இருப்பது மெல்லிய தொடுதல்களில். சிறிய ஸ்பீக்கரில் முதலில் காணாமல் போவது அவைதான். தாழ்ந்த ஒலியைக் கூட்டும் பாஸ் பூஸ்டையும் அணைத்துவிடுங்கள். பாஸ் தந்தியும் பியானோவின் இடது கையும் தாழ்ந்த குரலும் கிட்டத்தட்ட ஒரே பகுதியில் ஒலிப்பதால், கூட்டினால் சொல் குழம்பிவிடும். அறை மூலையில் ஸ்பீக்கர் வைத்தாலும் இதே கோளாறு வரும். ஒன்றரை அடி முன்னால் இழுத்தால் போதும். அப்படியும் அடங்காவிட்டால் ஈக்வலைசரில் 200 ஹெர்ட்ஸ் பக்கம் 2 அல்லது 3 டெசிபல் குறையுங்கள். ஒலி அளவு பேச்சுக் குரலுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும்.

வீட்டில் ஆட்டம் பாட்டம் வேண்டும் என்றால் இது வேண்டாம். விருந்தாளிகள் கிளம்பி, பாத்திரம் கழுவும் நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமானது என் அலமாரியில் இல்லை.