தட்டில் பேசும் தலையா, ரப்பர் ஆக்டோபஸா?

சொற்பக் காசில் எடுத்த பழைய அமெரிக்கப் பைத்தியக்கார விஞ்ஞானிப் படங்களில் ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்று தேடினால், இந்த மூன்றும் அடிக்கடி கண்ணில் படும்: ‘தி டெவில் பேட்’ (1940), ‘பிரைட் ஆஃப் தி மான்ஸ்டர்’ (1955), ‘தி பிரெய்ன் தட் வுடன்ட் டை’ (1962).

மூன்றில் வேகமானது ‘டெவில் பேட்’. 70 நிமிடம்கூட இல்லை. நடிகர் பேலா லுகோசி இதில் அழகுசாதன கம்பெனிக்கு உழைத்துக் கொடுத்த டாக்டர். அவர் கண்டுபிடிப்பால் முதலாளிகள் பணத்தில் புரள, அவருக்குக் கிடைத்தது சொற்பம். பழிவாங்க ராட்சத வௌவால் வளர்க்கிறார். அவர் கொடுக்கும் ஷேவிங் லோஷனின் வாசனையைப் பிடித்து வந்து அது கழுத்தைக் குதறும். கதை கச்சிதம். ஆனால் வௌவால் பாயும் காட்சிகள் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவதால், போகப் போக பயம் வடிந்துவிடுகிறது.

எட் வுட் இயக்கிய ‘பிரைட் ஆஃப் தி மான்ஸ்டர்’ படத்தில் ரப்பர் ஆக்டோபஸ் அசையவே அசையாது. மாட்டிக்கொண்டவரே அதன் கைகளை இழுத்துத் தன்மேல் சுற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதை வைத்தே இந்தப் படத்தை ஒதுக்கிவிடுகிறார்கள், அது அநியாயம். தாய்நாட்டுக்குத் திரும்பி வா என்று ஒருவர் கூப்பிட வரும் காட்சியில், விஞ்ஞானியாக நடிக்கும் லுகோசியைப் பாருங்கள். தனக்கு வீடே இல்லை, துரத்தப்பட்டு மிருகமாகக் காட்டில் கிடக்கிறேன் என்று சொல்லும்போது எழுபது வயதைத் தாண்டிய அந்த முகம் முழுக்க வலி. 1919-ல் ஹங்கேரியை விட்டு ஓடி வந்தவர் அவர். படம் வந்த அடுத்த ஆண்டே, 1956-ல், இறந்தும் போனார். அந்த ஒரு காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் அவரை நம்பித்தான் படம் ஓடுகிறது.

என் ஓட்டு ஜோசப் கிரீனின் ‘பிரெய்ன்’ படத்துக்கே. 1959-ல் எடுத்து, மூன்று வருடம் கழித்து வெளியானது. கார் விபத்தில் காதலியின் தலை துண்டாக, அதை மட்டும் எடுத்து வந்து ஆய்வுக்கூடத்தில் உயிரோடு வைத்திருக்கிறான் டாக்டர். பிறகு அந்தத் தலைக்குப் பொருத்த ‘நல்ல உடம்பு’ தேடி நடன விடுதி, அழகிப் போட்டி என்று அலைகிறான். இந்த நடுப்பகுதி இழுவை, பெண்களைக் கேமரா மேயும் விதமும் சகிக்காது. ஆனால் அந்தப் பார்வைக்கு எதிர்வாதம் படத்துக்குள்ளேயே இருக்கிறது. மற்ற இரண்டிலும் பலியாகிறவர்கள் அலறுவதோடு சரி. இங்கே பலியானவள் கேள்வி கேட்கிறாள்: என்னை ஏன் சாகவிடவில்லை? தலையில் கட்டு, கழுத்துக்குக் கீழே தட்டு, சுற்றிலும் குழாய்கள். வர்ஜீனியா லீத்துக்கு நடிக்க முகமும் குரலும் மட்டுமே மிச்சம். ஆரம்பத்தில் கெஞ்சுகிற குரல், கொஞ்சம் கொஞ்சமாக வஞ்சம் ஏறி, பூட்டிய கதவுக்குப் பின்னால் கிடக்கும் ஜந்துவைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறது. டாக்டரால் சிதைக்கப்பட்ட இருவர் கூட்டு சேர்வதுதான் இந்தப் படத்தின் உண்மையான திகில். அதற்குக் காசு தேவைப்படவில்லை, ஒரு கதவும் ஒரு குரலும் போதுமாக இருந்தது.

இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை இல்லாததால் இணையத்தில் விதவிதமான பிரதிகள் கிடைக்கும். ரத்தக் காட்சிகளை வெட்டிய குட்டைப் பிரதியும் சுற்றுகிறது. 80 நிமிடத்துக்கு மேல் ஓடுவதாகப் பார்த்து எடுங்கள். வெட்டியதில் டாக்டருடைய உதவியாளரின் முடிவு பாதிதான் இருக்கும்.