வாசலில் மறிப்பதா, உள்ளே மறிப்பதா?

மூட்டுகளை வீங்கவைக்கும் முடக்குவாதம் உள்ளவர்களின் காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். தோட்டத்தில் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு அதற்காகக் காத்திருக்காது. விரல் மடங்காமல் பிந்திப் போய், கொழுந்து நிறை குறைந்து, அம்மா அரைப் பேருடன் (அரை நாள் சம்பளத்துடன்) லயத்துக்குத் திரும்பிய நாட்கள் உண்டு. இன்று ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். கரும்பலகையில் 'பொசுபோரிலேற்றம்' என்று எழுதினால் உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை; அம்மாவின் விரல்களே போதும்.

கைனேஸ் என்ற நொதியம், கலத்தின் சக்தி மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பொசுபேற்றை எடுத்துப் புரதத்தில் ஒட்டும். பொஸ்பட்டேஸ் அதைக் கழற்றும். பிஷரும் கிரெப்ஸும் 1955இல் தசையில் கண்டறிந்த இந்த ஒட்டல் கழற்றலுக்கு 1992இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வளவு சிறிய ஒட்டு மூட்டை எப்படி வீங்க வைக்கும்? தோட்டத்தில் வெட்ட வேண்டிய மரத்துக்கு முதலில் பெயின்ட் அடித்துவிட்டுப் போவார்கள். பெயின்ட் மரத்தைச் சாய்க்காது, கோடரிக்கு வழிகாட்டும். டிஎன்எஃப் என்ற அழற்சிச் செய்திப் புரதம், செய்தியை ஏற்கும் கலத்தின் வாங்கியில் வந்து அமர்ந்ததும், ஐகேகே என்ற கைனேஸ் விழித்து, ஐ-கப்பா-பி ஆல்பா என்ற புரதத்தின் 32ஆம், 36ஆம் இடங்களில் உள்ள செரின் என்ற அமினோ அமிலங்களில் பொசுபேற்றை ஒட்டுகிறது. அதுதான் பெயின்ட். குறிபட்ட புரதம் சிதைக்கப்பட, அது கட்டிவைத்திருந்த என்எஃப்-கப்பா-பி கருவுக்குள் போய் அழற்சி மரபணுக்களை எழுப்பிவிடுகிறது.

இதை எங்கே மறிப்பது என்பதில்தான் மருந்துகள் பிரிகின்றன.

பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்து மலிவு, வேகம். அதன் வழிகளில் ஒன்று அழகானது: டஸ்ப்-1 என்ற பொஸ்பட்டேஸைக் கலம் கூடுதலாக ஆக்கும்படி செய்து, அழற்சியைக் கிளப்பும் பி38 கைனேஸில் ஒட்டிய பொசுபேற்றைக் கழற்றவைக்கிறது. ஆனால் அது மூட்டோடு நிற்பதில்லை; எலும்பு, சீனி, தோல் என்று எல்லா இடத்திலும் கைவைக்கும். அம்மாவுக்குச் சில நாட்களில் கை மூடியது. சில மாதங்களில் முகம் உப்பி, அடையாள அட்டைப் படத்துக்கும் முகத்துக்கும் சம்பந்தமில்லாமல் போனது.

அடலிமுமாப் வாசலிலேயே நிற்கும் எதிர்ப்புரதம். டிஎன்எஃப்பை வெளியிலேயே பிடித்துக்கொள்வதால் அந்த வழியில் ஐகேகே விழிப்பதேயில்லை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை 40 மில்லிகிராம் ஊசி. 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். "நுவரெலியாவே பிரிட்ஜ்தானே, தம்பி" என்றார் அடுத்த காம்பராக்காரர். பகலில் அங்கும் 8 பாகை தாண்டிவிடும் என்பதை அவர் ஏற்கவில்லை. மண்சரிவு, மின்வெட்டு நாட்களில் இது சின்னக் கவலை அல்ல. ஒளிந்திருக்கும் காசநோயை இந்த மருந்து கிளப்பிவிடக்கூடும் என்பதால் முன்பரிசோதனையும் கட்டாயம். லயத்து நெருக்கத்தில் அதைச் சம்பிரதாயமாக எண்ண முடியாது.

டோஃபாசிடினிப் என்றால் பிரிட்ஜ் தொல்லை இல்லை: 5 மில்லிகிராம் குளிசை, நாளுக்கு இரண்டு. அது கலத்துக்குள் புகுந்து, ஜாக் கைனேஸ்களில் ஏடிபி அமரும் குழியை அடைத்துவிடும். இங்கே என் மாணவர்கள் வழுக்கி விழுவதுண்டு: டிஎன்எஃப்பின் வழி ஜாக் வழியாகப் போவதில்லை. ஜாக் ஏந்துவது இன்டர்லூக்கின்-6 போன்ற வேறு செய்திப் புரதங்களின் செய்தியை. அது ஸ்டாட் புரதத்தின் தைரோசின் என்ற அமினோ அமிலத்தில் பொசுபேற்றை ஒட்டும். ஆகவே இது இன்னொரு வாசல். ஜாக் நான்கு உண்டு. சிவப்பணு ஆக்கத்துக்கு ஜாக்-2 தேவை. ஒன்றை அடைக்கப் போய் மற்றதும் அடைபட்டால் இரத்தச்சோகை வரலாம். அக்கிப்புண்ணும் கூடுகிறது. அதைவிடப் பெரியது, 50 வயதைத் தாண்டி, இதய ஆபத்துக் காரணியும் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வு: டிஎன்எஃப் தடுப்பிகளைவிட மாரடைப்பும் புற்றுநோயும் கூடுதலாகத் தெரிந்ததால், 2021இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கையைக் கடுமையாக்கி, டிஎன்எஃப் தடுப்பி பலிக்காத அல்லது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கே இதை ஒதுக்கியது.

பி38ஐயே நேராக அடைத்தும் பார்த்தார்கள். இரத்தத்தில் அழற்சி அளவு இறங்கி, சில கிழமைகளில் மீண்டும் ஏறிவிட்டது. பி38 தன் வழிக்குத் தானே பிரேக்கும் போடும் கைனேஸ்; அதை அடைத்தால் பிரேக்கும் போய்விடுகிறது.

வைத்துக்கொள்ளும் வசதியைப் பார்த்தால் மலைக்கு ஏற்றது குளிசைதான். ஆனால் அறுபதைத் தொடும், இரத்த அழுத்தமும் உள்ள ஒருவருக்கு, பிரிட்ஜ் தேடி அலைந்தாவது ஊசியையே முன்னால் வைப்பேன். அம்மா இப்போது கிழமைக்கு ஒருமுறை, இந்நோய்க்கு வழக்கமாக முதலில் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேற்றில் இருக்கிறார். அது போதாமல் போனால்தான் இந்தப் பேச்செல்லாம்.