வீட்டுக் கணினியில் செஸ் எஞ்சின்: ஃபிரிட்ஸ் முதல் மையா வரை

நகர்வுகளை யோசிக்கும் மென்பொருளைத்தான் செஸ் எஞ்சின் என்கிறோம். அவற்றில் ஒன்றான ஸ்டாக்ஃபிஷில் புதுப் பதிப்பு வந்திருக்கிறதே, மாற்றட்டுமா என்று கேட்பவர்களிடம் நான் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்பேன். எதற்கு வைத்திருக்கிறீர்கள்? ஆடி முடித்த ஆட்டத்தை அலசவா, எதிரே உட்கார வைத்து ஆடவா? அலசத்தான் என்றால் 2020இல் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12 இன்னும் பல காலத்துக்குத் தாங்கும். ஆடத்தான் என்றால் எந்தப் பதிப்பாக இருந்தாலும் தோற்கத்தான் போகிறோம். எவ்வளவு மோசமாகத் தோற்றோம் என்று கணக்குப் பார்த்து என்ன ஆகப் போகிறது? புதுப் பதிப்பு வந்த அன்றே இறக்கிப் பார்க்கும் பழக்கம் உள்ளவன்தான் இதைச் சொல்கிறேன். பலமான எஞ்சின் இன்று தெருவுக்குத் தெரு கிடைக்கிறது, அதுவும் இலவசமாக. ஒழுங்காகத் தோற்கத் தெரிந்த எஞ்சின்தான் கிடைப்பதில்லை.

நான் இருப்பது சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில். ஷிஃப்ட் வேலை. நள்ளிரவுக்கு மேல் வீடு வந்து சேர்கிறவனுக்கு ஆட ஆள் கிடைக்காது. இணையத்தில் ஐந்து நிமிட ஆட்டம் ஆடலாம், ஆனால் அந்த அவசரம் எனக்கு ஒத்துவராது. சாவகாசமாக யோசித்து ஆட வேண்டும், நடுவில் கோப்பி போட எழுந்துபோனால் எதிராளி கோபித்துக்கொள்ளக் கூடாது. அதற்குக் கணினிதான் சரி. என் பலம், ஆட்டக்காரர்களின் தரத்தைக் காட்டும் எலோ புள்ளியில் 1500 பக்கம். இனி எழுதுவதை அந்தக் கணக்கில் படியுங்கள். 2200இல் ஆடுகிறவர்களின் தேவை வேறு.

முதலில் வாங்கியது ஃபிரிட்ஸ் 8, சிம் லிம் ஸ்குவேரில், குறுந்தட்டாக. ஜெர்மனியின் செஸ்பேஸ் நிறுவனம் வெளியிட்டது. 1997இல் நியூயார்க்கில் டீப் புளூ, உலகச் சாம்பியன் காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்று வென்றபோது அதற்கு ஐபிஎம் தனியாகச் செய்த கணினி தேவைப்பட்டது. 2006இல் ஜெர்மனியின் பான் நகரில் டீப் ஃபிரிட்ஸ், அப்போதைய உலகச் சாம்பியன் கிராம்னிக்கை 4–2 என்று வென்றது. ஓடியது கடையில் வாங்கக்கூடிய இன்டெல் சில்லுகளில். அந்தத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில், அடுத்த நகர்வில் வரும் செக்மேட்டை கிராம்னிக் கவனிக்காமல் விட்டார். அதைப் பார்த்த பிறகு எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது உண்மை. மனிதனா கணினியா என்ற விவாதம் அதோடு ஏறக்குறைய முடிந்துபோனது.

ஃபிரிட்ஸில் நான் அதிகம் பயன்படுத்தியது அதன் 'ஃபிரெண்ட்' ஆட்டமுறையை. நாம் எப்படி ஆடுகிறோம் என்று பார்த்துத் தன் பலத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். குறைகள் இருந்தாலும், எதிரே இருப்பவன் யார் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு அது. பின்னால் வந்த பல மென்பொருள்களில் அந்த யோசனையே காணோம்.

நடுவில் வேறொரு கட்டண மென்பொருள் வாங்கினேன். பெயர் வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கை மாற்றிவிட்டு மறுபடி நிறுவப் போனால், நிறுவ அனுமதித்த தடவைகள் முடிந்துவிட்டன என்று திரையில் வந்து நின்றது. மின்னஞ்சல் போட்டேன். பதில் வருவதற்குள் நான் இலவச எஞ்சின்கள் பக்கம் குடிபோய்விட்டேன்.

அந்தப் பக்கத்தின் ராஜா ஸ்டாக்ஃபிஷ். டோர்ட் ரோம்ஸ்டாட் எழுதிய கிளாருங் என்ற எஞ்சினிலிருந்து 2008இல் பிரிந்து வளர்ந்தது. மூல நிரல் முழுவதும் திறந்தே இருக்கிறது. முதல்முறை நிறுவுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். இறக்கி, இரண்டு முறை சொடுக்கினால், கறுப்புத் திரை ஒன்று திறந்து கர்சர் மின்னும். அவ்வளவுதான். என் அக்கா மகன் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "மாமா, போர்டு எங்க?" என்றான். நியாயமான கேள்வி. எஞ்சின் என்பது வெறும் மூளை. பலகை, காய்கள், கடிகாரம் எல்லாம் வேறொரு மென்பொருளில் இருக்கும். இரண்டும் பேசிக்கொள்ளும் மொழிக்கு யூசிஐ என்று பெயர். ஷ்ரெடர் எஞ்சினை எழுதிய ஸ்டெஃபான் மையர் காலனும் ரூடால்ஃப் ஹூபரும் 2000இல் கொண்டுவந்தது. இந்த ஏற்பாட்டின் அருமை போகப்போகத்தான் தெரியும். பலகை பழகிய பலகையாகவே இருக்க, பின்னால் உட்கார்ந்திருக்கும் மூளையை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம்.

பலகைக்கு நான் முதலில் வைத்திருந்தது அரீனா. பழைய தோற்றம், ஆனால் எந்த எஞ்சினைக் கொடுத்தாலும் ஓட்டும். இப்போது லூகாஸ் செஸ். அதன் மெனுக்களில் முதல் வாரம் வழி தெரியாமல் அலைவீர்கள். இருந்தாலும் ஆடிப் பழகுகிறவர்களுக்கு இலவசத்தில் இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

அடுத்த சிக்கல், எந்தக் கோப்பை இறக்குவது. ஸ்டாக்ஃபிஷ் தளத்தில் ஏவிஎக்ஸ்2, பிஎம்ஐ2, எஸ்எஸ்இ41 என்று வரிசையாக இருக்கும். எல்லாம் ஒரே எஞ்சின்தான், ஒவ்வொன்றும் ஒருவகைச் சில்லுக்காகத் தொகுத்தது. பொருந்தாததைப் போட்டால் சன்னல் திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும், பிழைச் செய்திகூட வராது. இன்டெல்லில் நான்காம் தலைமுறை, அதாவது 2013இல் வந்த ஹாஸ்வெல், அதற்குப் பிந்தைய கோர் வகைச் சில்லு என்றால் ஏவிஎக்ஸ்2 ஓடும். அதைவிடப் பழைய மடிக்கணினிக்கு எஸ்எஸ்இ41 போதும். ஏஎம்டியின் ரைசன் சில்லு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜென் 1, ஜென் 2 என்ற முந்தைய தலைமுறைச் சில்லுகளில் பிஎம்ஐ2 தொகுப்பு ஓடும், ஆனால் அது நம்பியிருக்கும் ஒரு கட்டளை அந்தச் சில்லுகளில் மிக மெதுவானது. அவற்றுக்கு ஏவிஎக்ஸ்2தான் வேகம். ஜென் 3இலிருந்து அந்தக் குறை இல்லை. எதுவும் புரியவில்லை என்றால் ஏவிஎக்ஸ்2இல் தொடங்குங்கள், மூடிக்கொண்டால் ஒரு படி கீழே இறங்குங்கள். வைரஸ் தடுப்பு மென்பொருள் சில நேரம் கேட்காமலே கோப்பைத் தூக்கித் தனியே வைத்துவிடும், அங்கேயும் ஒரு கண் இருக்கட்டும்.

அமைப்புகளில் தொட வேண்டியது இரண்டு. திரெட்ஸ் (சில்லின் எத்தனை இழைகளை எஞ்சின் எடுத்துக்கொள்ளலாம்), ஹாஷ் (போட்ட கணக்கை வைத்துக்கொள்ள எவ்வளவு மெமரி). திரெட்ஸை முழுவதும் கொடுத்துவிட்டால் மற்ற வேலை எல்லாம் திணறும், ஒன்றிரண்டை விட்டுவையுங்கள். ஏர்கான் போடாத அறையில், நம் ஊர் வெக்கையில், மடிக்கணினியை இரவு முழுக்க அலசவிட்டால் விசிறிச் சத்தம் பக்கத்து அறைவரை கேட்கும். என் வீட்டில் இதற்கு எதிர்ப்பு வந்து, இப்போது இரண்டு திரெட்ஸோடு சமாதானம். ஹாஷுக்கு 1 ஜிபி கொடுத்தால் என்னைப் போன்றவனுக்கு மிச்சம். காய்கள் குறைந்த முடிவாட்டங்களின் விடையை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த சிஸிஜி அட்டவணையில் ஐந்து காய்கள் வரை ஏறத்தாழ 1 ஜிபி, அதை இறக்கி வைப்பதில் தவறில்லை. ஆறு காய் என்றால் 150 ஜிபி அளவுக்குப் போகும். ஆசைப்பட வேண்டாம்.

மேம்படுத்துவதில் நான் பார்த்த பெரிய திருப்பம் 2020. அதுவரை நிலையை மதிப்பிடும் விதிகளை மனிதர்கள் எழுதிவைத்தார்கள். ஸ்டாக்ஃபிஷ் 12இல் என்என்யூஇ என்ற சிறிய நரம்பு வலை (தரவிலிருந்து தானே கற்கும் நிரல்) அந்த வேலைக்கு வந்தது. யூ நாசு என்ற ஜப்பானியர் 2018இல் ஜப்பானியச் செஸ்ஸான ஷோகி ஆட்டத்துக்காகக் கண்டுபிடித்தது. சாதாரணச் சில்லிலேயே ஓடும், கிராஃபிக்ஸ் அட்டை வேண்டாம். இதைச் சொல்லக் காரணம், பெரிய நரம்பு வலையில் ஓடும் லீலா செஸ் ஜீரோ என்ற எஞ்சினைப் பார்த்துவிட்டு விலை உயர்ந்த அட்டை வாங்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். விளையாட்டுக்கோ வீடியோ வேலைக்கோ வாங்குங்கள், செஸ்ஸுக்காக என்றால் வெள்ளியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு மாற்றம் பலரைக் குழப்பியது. 2022 டிசம்பரில் வந்த 15.1இலிருந்து ஸ்டாக்ஃபிஷ் காட்டும் எண்ணின் அளவுகோலே வேறு. இப்போது +1.00 என்றால் ஒரு சிப்பாய் கூடுதல் என்ற பழைய அர்த்தம் இல்லை. எஞ்சினுக்கு எஞ்சின் ஆடினால் வெல்லும் வாய்ப்பு 50 விழுக்காடு என்று அர்த்தம். பழைய பதிப்பில் குறித்துவைத்த எண்ணையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "நான் ஆடினது அவ்வளவு நல்லா இல்லையா?" என்று கவலைப்பட்ட நண்பர் எனக்கு உண்டு.

அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு நம் ஊரிலேயே நடந்த உதாரணம் இருக்கிறது. 2024 டிசம்பர் 12, ரிசார்ட்ஸ் வேர்ல்டு செந்தோசாவில் குகேஷுக்கும் டிங் லிரெனுக்கும் உலகச் சாம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டம். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆனால் எஞ்சின் டிரா என்றே சொல்லிக்கொண்டிருந்தது. 55ஆவது நகர்வில் டிங் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுபோனார். யானைகள் வெட்டுப்பட்டன, டிங்கின் மந்திரி மூலையில் மாட்டிக்கொண்டது, அதையும் வெட்டிக்கொண்டு வெறும் ராஜாவும் சிப்பாயும் ஆன முடிவாட்டத்தில் குகேஷ் சாம்பியன். டிரா என்ற எஞ்சினின் கணக்கு தப்பில்லை. மணிக்கணக்காக உட்கார்ந்து களைத்த ஒருவருக்கு அந்த டிராவைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைச் சொல்ல அதனிடம் எண் கிடையாது. அலசும்போது நான் இப்போது எண்ணைப் பார்ப்பதற்கு முன், எனக்கு எங்கே பயம் வந்தது என்று குறித்துவைக்கிறேன்.

இனி ஆடும் விஷயம். ஸ்டாக்ஃபிஷைப் பலவீனமாக்க இரண்டு வழி. ஸ்கில் லெவல் 0 முதல் 20 வரை. அல்லது எலோவைக் குறிப்பிடலாம், இப்போதைய பதிப்புகளில் 1320 முதல் 3190 வரை. இரண்டும் உள்ளே ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன: எஞ்சின் நல்ல நகர்வுகள் சிலவற்றைத் தேடி எடுத்து, அவற்றில் மட்டமானதை அவ்வப்போது வேண்டுமென்றே ஆடும். எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு இது எப்படி இருக்கும் தெரியுமா? பன்னிரண்டு நகர்வுகள் கிராண்ட்மாஸ்டர், பதின்மூன்றாவதில் காரணமே இல்லாமல் குதிரையைக் கொடுத்துவிடுவார், பிறகு மறுபடி கிராண்ட்மாஸ்டர். அன்பளிப்பை வாங்கிக்கொண்டு ஜெயித்தால் சந்தோஷம் வருவதில்லை. எங்கள் பிளாக்கின் கீழ்த்தளத்தில் கல்மேசையில் ஆடும் பெரியவரும் குதிரையை விடுவார். ஆனால் என் ராஜாவைப் பிடிக்கும் ஆசையில் விடுவார், அல்லது பேச்சு சுவாரஸ்யத்தில் விடுவார். அந்த ஆசையை நான் கிளப்பிவிட முடியும். செஸ்ஸில் பாதி அதுதான்.

அதனால்தான் மையா வந்தபோது நான் அதிலேயே நின்றுவிட்டேன். 2020இல் டொராண்டோ, கார்னெல் பல்கலைக்கழகங்களும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவும் சேர்ந்து வெளியிட்டது. சிறந்த நகர்வைத் தேடுவது இதன் வேலை கிடையாது. லிசெஸ் என்ற இணையத் தளத்தில் மனிதர்கள் ஆடிய கோடிக்கணக்கான ஆட்டங்களைக் கற்று, இந்தத் தரத்தில் உள்ள ஒருவர் இங்கே எதை ஆடுவார் என்று ஊகிக்கும். 1100 முதல் 1900 வரை தரத்துக்கு ஒரு கோப்பு. லீலா எஞ்சினுக்குள் அந்தக் கோப்பை வைத்து, தேடும் அளவை ஒரே ஒரு நோட், அதாவது ஒரே ஒரு நிலை என்று கட்டிவைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் அது முன்னோக்கித் தேடத் தொடங்கும், மனிதத்தனம் போய்விடும். லூகாஸ் செஸ்ஸில் இந்தத் தலைவலி இல்லை, உள்ளேயே தயாராக வருகிறது.

மையா ஆடும்போது சிப்பாயை நீட்டினால் சாப்பிட வருகிறது. அவசரப்பட்டு ராணியை வெளியே கொண்டுவருகிறது. நான் போடும் சின்னச் சின்னப் பொறிகளில் விழுகிறது, சில நேரம் என்னையும் விழ வைக்கிறது. தோற்றாலும் எதனால் தோற்றோம் என்று புரிகிறது. அக்கா மகனை 1100இல் உட்கார வைத்தேன். பெயர்தான் 1100, ஆடுவது அதைவிட நன்றாகவே ஆடும். காரணம், அந்தத் தரத்தில் பெரும்பாலானவர்கள் ஆடும் நகர்வைத்தான் அது எடுக்கிறது. ஆளாளுக்குத் தனியாகச் செய்யும் கோமாளித்தனங்கள் அதில் கரைந்துவிடுகின்றன. பையன் முதலில் நொந்துபோனான். சரி என்று அதற்கு ஒரு குதிரையைக் குறைத்துக் கொடுத்தேன். இப்போது அந்தச் சலுகை இல்லாமலே அதட்டுகிறான், அப்புறம் பள்ளி நண்பன் வைத்திருக்கிறான் என்பதற்காக ஸ்டாக்ஃபிஷ் 17.1 வேண்டும் என்றும் கேட்கிறான். போட்டுக் கொடுத்தேன், அலசுவதற்கு மட்டும்.

கைபேசியில் ஸ்டாக்ஃபிஷை ஓட்டும் டிராய்ட்ஃபிஷ் செயலி இருக்கிறது. எம்ஆர்டி ரயிலில் பார்ப்பதற்குப் போதும், பேட்டரி சீக்கிரம் சூடாகும்.

மையாவில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. முன்னோக்கித் தேடாததால், காய்கள் குறைந்த முடிவாட்டத்தில் அதற்கு வழி தெரிவதில்லை. ராணியும் ராஜாவும் கையில் இருந்தும் செக்மேட் போடாமல் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் பலகையில் யானைகளும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் கட்டம் வந்ததும் ஆட்டத்தை அங்கேயே சேமித்து, அதே நிலையிலிருந்து எதிராளியை ஸ்டாக்ஃபிஷாக மாற்றிவிடுகிறேன். பெரும்பாலும் அங்கேதான் தோற்கிறேன்.