வெள்ளவத்தையில் எலி கடித்த கார்: ஒரு கராஜ், ஒரு பல்பு

சித்தப்பாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை குறித்திருந்த நாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்னர் அவருடைய கார் படுத்துவிட்டது. வழியில் அல்ல, கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கையொன்றில், தொடர்மாடியின் கீழ்த்தளத்தில். திறப்பைத் திருகினால் டிக் டிக் என்ற ஓசை மட்டும். பக்கத்து வீட்டுக்காரரின் பற்றரியோடு வயர் போட்டு எழுப்பியபோது எஞ்சின் குளிர்காய்ச்சல்காரரைப் போல நடுங்கியது. மஞ்சள் எஞ்சின் விளக்கும் எரிந்தது.

மூன்று வார விடுமுறையில் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த நான்தான் ஓடித்திரியக்கூடியவள். சித்தப்பாவுக்குப் பார்வை மங்கல், சின்னம்மாவுக்கு முழங்கால் நோவு. ஆகவே கார் என் பொறுப்பாயிற்று. கொழும்பில் கார் வைத்திருக்கும் உறவினர்கள் உள்ளவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் போன கராஜின் பெயரை எழுதப்போவதில்லை. சுத்தமான இடம், மரியாதையான பேச்சு. காரின் கணினி பதிந்துவைத்த பழுதைக் குறியீடாகக் காட்டும் ஸ்கானரைப் பூட்டினார்கள். பி0352 என்ற குறியீடு வந்தது. இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் கொயில், அதாவது எரிபொருளைப் பற்றவைக்கும் பொறிக்கு மின்சாரம் தரும் பாகம், பழுது என்றார்கள். கொயில் 19,000 ரூபாய், புதுப் பற்றரி 28,000, கூலி 5,000. மொத்தம் 52,000 கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் மறுபடியும் நடுக்கம். அதன் பின் மூன்று நாள் எடுக்காமல் நிறுத்தியதில் புதுப் பற்றரியும் செத்தது.

அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஸ்கானர் சொன்னதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குறியீட்டின் பொருள் ‘இரண்டாம் கொயிலின் மின்சுற்றில் கோளாறு’ என்பதுதான். கொயில், அதற்குப் போகும் நாலு வயர், கனெக்டர், கணினிப் பெட்டி எல்லாமே அந்தச் சுற்றில் அடங்கும். எந்த வீதியில் தீ என்று அது சொல்கிறது; எந்த வீட்டில் என்று ஆள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்கத் தெரிந்த ஒருவரை மாடியில் வசிக்கும் ஆசிரியை ஒருவர் காட்டினார். ஹட்டன் பக்கம் பிறந்து, சிறுவயதிலேயே கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு வேலைக்கு வந்து, முப்பது வருடமாக வாகன வயரிங் மட்டுமே செய்பவர். எல்லாரும் அவரை ‘பாஸ்’ என்கிறார்கள். எனக்கு அண்ணன் என்று கூப்பிடத்தான் வாய் வந்தது. அவர் என்னைத் தங்கச்சி என்றார். வீட்டுக்கே வந்தார். பொனற்றைத் திறக்கும் முன்னரே கேள்விகள் தொடங்கிவிட்டன. கார் எத்தனை நாள் எடுக்காமல் நின்றது? பக்கத்தில் குப்பைத் தொட்டி உண்டா? டிக்கியில் சாப்பாட்டுச் சாமான் வைப்பதுண்டா?

கடைசிக் கேள்விக்குச் சின்னம்மா தலைகுனிந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒடியல் மாவும் கருவாடும், யாராவது தூக்கிக்கொண்டு மேலே ஏறும் வரை டிக்கியில்தான் கிடக்கும்.

எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றியதும் கதை விளங்கியது. தும்பு, பஞ்சு, கடதாசித் துண்டுகள், நடுவில் புழுக்கை. நான் குனிந்து கையை நீட்டினேன். அவர் தடுத்தார். முதலில் ரப்பர் கையுறை, பிறகு குளோரின் கலந்த தண்ணீர் தெளித்து நனைத்து ஒற்றி எடுப்பது. உலர்ந்தபடி தட்டிக் கொட்டவே கூடாது என்றார். எலிக்காய்ச்சல் இலங்கையில் ஆட்களைக் கொல்லும் நோய். எலியின் சிறுநீரிலிருக்கும் கிருமி தோலிலுள்ள சிறு கீறல் வழியாகவே உடம்புக்குள் போய்விடும். இயந்திரத்தோடு வேலை செய்பவர்களின் கைகளில் கீறல் இல்லாத நாள் ஏது? இதற்காகவே அவர்மேல் எனக்கு மதிப்புக் கூடியது.

அடுத்து அவர் செய்தது ஐந்து நிமிட வேலை. அதை முதல் கராஜ் செய்திருந்தால் 19,000 மிஞ்சியிருக்கும். இரண்டாம் கொயிலை மூன்றாம் சிலிண்டருக்கும் மூன்றாவதை இரண்டுக்கும் மாற்றிப்போட்டார். கொயில் பழுதென்றால் குறியீடும் அதன் பின்னாலேயே மூன்றுக்குப் போய், பி0353 என்று வந்திருக்கும். பி0352தான் வந்தது. குற்றம் வயரில்.

இனிச் சொல்வதுதான் என்னை வியக்கவைத்தது. கொயிலின் கனெக்டரைக் கழற்றி, திறப்பை ஓன் நிலையில் வைத்து, மின்சாரம் வரும் வயரில் மல்டிமீற்றரை வைத்தார். 12.3 வோல்ட். குறையே இல்லை. நானாக இருந்தால் அந்த வயர் நல்லது என்று அடுத்ததற்குப் போயிருப்பேன். அவர் பையிலிருந்து 21 வாட் பிரேக் விளக்குப் பல்பு ஒன்றை, இரண்டு வயர் பற்றவைத்தபடி, எடுத்தார். அதே இடத்தில் அதைப் பொருத்தினார். பல்பு அணையப்போகும் தணல்போலச் சிவந்தது, அவ்வளவுதான். பக்கத்துக் கொயிலின் வயரில் பொருத்தியபோது கண்ணைக் கூசியது.

மீற்றர் மின்னோட்டத்தை ஏறக்குறைய இழுப்பதே இல்லை. ஆகவே அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கும் வயரும் அதனிடம் முழு வோல்டைக் காட்டிவிடும். பல்புபோல மின்சாரம் இழுக்கும் சுமையை ஏற்றினால்தான் குட்டு வெளிப்படும். வயர்களை மூடியிருந்த நெளிவுக் குழாயைப் பிரித்துப் பார்த்தபோது செம்பு முழுவதும் அறுந்திருந்தது. இரண்டு நுனிகளும் ஒன்றையொன்று உரசியபடி, எலி மூத்திரம் பட்டுப் பச்சைக் களிம்பு பிடித்திருந்தன. கொயில் மாற்றியவர்கள் வயரை அசைத்ததில் நுனிகள் சற்று நெருங்கியிருக்க வேண்டும். அந்த இரண்டு நாள் ஓட்டத்துக்குக் காரணம் 19,000 ரூபாய்க் கொயில் அல்ல, அந்த அசைவு. இந்தப் பல்பைக் கணினியோடு பேசும் மெல்லிய சமிக்ஞை வயர்களில் வைக்கவே கூடாது, அங்கே மீற்றர் மட்டுந்தான் என்பதையும் கண்டிப்பாகச் சொன்னார்.

பற்றரி சாகும் மர்மம் மிச்சம். முன்கதவின் பூட்டுக் கொளுவியை ஸ்குரூ டிரைவரால் மடக்கி, கதவு மூடியிருப்பதாகக் காரை நம்பவைத்தார். மற்றக் கதவுகளும் டிக்கியும் மூடியே இருந்தன. பற்றரியின் நெகட்டிவ் வயரில் மீற்றரைத் தொடுத்து, கணினிகள் உறங்க அரை மணி நேரம் விட்டார். சின்னம்மா தேநீர் கொடுத்தனுப்பினார். தேநீர் முடிந்தும் மீற்றர் 0.43 அம்பியரில் நின்றது. உறங்கும் கார் 0.05க்குக் கீழே இழுக்க வேண்டும். நாளொன்றுக்குப் பத்து அம்பியர்-மணி என்றால், அந்தச் சிறிய பற்றரி மூன்று நாளுக்குமேல் எப்படித் தாங்கும்?

பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார் என்று எதிர்பார்த்தேன். பிடுங்கினால், திரும்பப் போடும்போது ஏதாவது ஒரு கணினி விழித்துக்கொள்ளும், கணக்குக் குழம்பும் என்றார். பியூஸின் முதுகிலுள்ள இரண்டு உலோகப் புள்ளிகளிலும் மீற்றர் ஊசிகளை வைத்து மில்லிவோல்டில் அளந்தார். மின்சாரம் ஓடாத பியூஸ் பூச்சியம் காட்டும். உள்விளக்குகளின் 10 அம்பியர் பியூஸ் 3 காட்டியது.

உள்ளே எந்த விளக்கும் எரியவில்லையே என்றேன். உங்கள் போனைத் தாருங்கள் என்றார். வீடியோ ஓடவிட்டு, டிக்கிக்குள் வைத்து மூடி, சற்றுப் பொறுத்து எடுத்தார். படத்தில் டிக்கி பட்டப்பகல்போல இருந்தது. பக்கவாட்டுத் துணியைக் கழற்றினோம். விளக்கின் சுவிட்சுக்கு வரும் ஏர்த் வயரை எலி உரித்துவிட்டிருந்தது. வெறும் செம்பு காரின் உடம்பைத் தொட்டு, சுவிட்ச் இல்லாமலேயே மின்சுற்றை முழுமையாக்கிக்கொண்டிருந்தது. மூடினாலும் அணையாத 5 வாட் பல்பு. 12ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட அதே 0.43.

ரொறன்ரோவில் எனக்குத் தெரிந்தவர்களுக்கு இப்படி நடந்தபோது முழு வயர்க்கட்டையும் மாற்றச் சொன்னார்கள், காப்புறுதி கொடுத்தது. இங்கே 2020 முதல் 2025 தொடக்கம் வரை கார் இறக்குமதியே நின்றிருந்தது. பத்து வருடக் காரும் பொக்கிஷமாகிவிட்ட ஊரில் வயர் வயராகப் பழுதுபார்ப்பவரின் கைக்குத் தனி மதிப்பு உண்டு. பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய வயர்க்கட்டிலிருந்து அதே தடிப்பும் அதே நிறமும் பார்த்து வெட்டி எடுத்தார். முறுக்கி டேப் சுற்றவில்லை. அழுத்து இணைப்பு, அதன்மேல் சூட்டில் சுருங்கும் உறை. பல வயர்கள் கடிபட்ட இடத்தில் இணைப்புகள் ஒரே இடத்தில் புடைக்காமல் முன்னும் பின்னுமாக வைத்தார். வயர் உறையில் சோயா கலப்பதால்தான் எலி கடிக்கிறது என்று கனடாவில் கேட்டிருக்கிறேன். அவர் தலையை ஆட்டினார். சோயாவைக் கேள்விப்படாத காலத்துக் கார்களிலும் கடித்த வயர் பார்த்திருக்கிறாராம். எலியின் முன்பற்கள் சாகும் வரை வளரும். எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பது அதன் இயல்பு.

எலிமருந்து வைக்க வேண்டாம் என்றார்: தின்ற எலி காருக்குள் கை எட்டாத மூலையில் போய்ச் சாகக்கூடும். காற்று உறிஞ்சும் வாய்க்குச் சிறுகண் கம்பிவலை, டிக்கியில் உணவு கூடாது, இரண்டு நாளுக்கொருமுறை காரை எடுக்க வேண்டும். இவ்வளவுதான் அவர் சொன்ன காவல்.

கேட்ட கூலி 9,500. அதில் பெரும்பங்கு தேடிய நேரத்துக்கு என்று அவரே பிரித்துச் சொன்னார். நான் 15,000 கொடுக்க, 5,500ஐத் திருப்பித் தந்தார். நம்மவர்கள் பலர் உதிரிப்பாகத்துக்குக் காசு கொடுப்பார்கள், ‘வெறுமனே பார்த்ததற்கு’ கொடுக்கத் தயங்குவார்கள். பார்த்ததுதான் வேலை. ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: கராஜில் ‘என்ன மாற்ற வேண்டும்’ என்று கேட்காதீர்கள், ‘இதுதான் பழுதென்று எப்படித் தெரிந்தது, காட்டுங்கள்’ என்று கேளுங்கள். காட்டத் தெரிந்தவரிடம் சாவியைக் கொடுங்கள்.

பழுது பார்த்த அன்றிரவு காரை நிறுத்திவிட்டு, போனை மறுபடியும் டிக்கிக்குள் வைத்து மூடினேன். எடுத்துப் பார்த்தேன், படம் முழுவதும் இருட்டு. நாலாம் நாள், சத்திரசிகிச்சைக்குச் சித்தப்பாவைக் கூட்டிப்போக விடியற்காலை ஐந்தரைக்கு இறங்கியபோது பற்றரி 12.5 வோல்டில் இருந்தது.