கடலோரத்தில் கிடந்த வண்டியை மதுரை வண்டி என்று விற்றார்கள்

ராமநாதபுரத்தில் பழைய குரூசர் பைக் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

வாரத்தில் நான்கு நாள் ராமேஸ்வரம் போய்வருகிற பிழைப்பு எனக்கு. ஒரு வழிக்கே ஏறக்குறைய 55 கிலோமீட்டர். நூறு சிசி வண்டியிலேயே பத்து வருடம் ஓட்டி இடுப்பு விட்டுப்போனது. காலை நீட்டி உட்காரும் வண்டிதான் இனி என்று தேடினேன். புது ராயல் என்ஃபீல்டு மீட்டியாருக்குப் பணம் போதவில்லை. பழைய தண்டர்பேர்டைத் தள்ளிப் பார்த்தேன், மூச்சு வாங்கியது. பஜாஜ் அவெஞ்சர் 220 குரூஸ்தான் பொருந்தியது. இருக்கை உயரம் 737 மில்லிமீட்டர். என்னைப் போன்ற குட்டை மனிதனும் இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றலாம்.

நகரில் ஒரு புரோக்கரிடம் 2018ஆம் ஆண்டு வண்டி ஒன்று நின்றது. மதுரைப் பதிவெண். மீட்டரில் 17,800 கிலோமீட்டர். குரோம் எல்லாம் முகம் பார்க்கலாம் போல மினுங்கியது. "அண்ணே, மதுரையில் ஒரு டாக்டர் வைத்திருந்தது. உப்புக்காற்றே படாத வண்டி" என்றார். ஆர்.சி.யில் மதுரை முகவரிதான். கடன் பதிவு இல்லை, காப்பீடு நடப்பில் இருந்தது. இணையத்திலும் சரிபார்த்தேன். காகிதத்தைப் பார்த்த அக்கறையில் பாதியை இரும்பின் மேல் வைத்திருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

நான் போனபோது என்ஜின் கதகதப்பாக இருந்தது. "இப்போதுதான் ஒருவர் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனார்" என்றார்; நம்பி 58,000 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். மறுநாள் காலை வீட்டில் வண்டி கிளம்பாமல் பத்து நிமிடம் முக்கியபோதுதான் புரிந்தது. குளிர்ந்த வண்டியைக் கிளப்பிக் காட்டாதவரிடம் பேரம் பேசாதீர்கள். 58,000 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம், பாம்பன் பாலத்தின் மேல். இடப்பக்கமிருந்து வாடைக்காற்று தள்ளுகிறது. பாலத்தின் இணைப்பு ஒன்றில் சக்கரம் ஏறி இறங்கியதும் பின்னால் 'டிங்' என்று ஒரு சத்தம். சற்றுத் தள்ளி இன்னொன்று. வண்டி வாலை ஆட்டத் தொடங்கியது. பாலத்தைத் தாண்டும்வரை குலதெய்வத்தை விடவில்லை.

பாம்பனில் மெக்கானிக் தம்பி குனிந்து, ஸ்பானரால் ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினான். நல்ல கம்பி கணீர் என்றது, கெட்டது மண்பானை போல. பின்சக்கரத்தில் இரண்டு அறுந்திருந்தன, ஏழெட்டு மண்பானை. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் அடியில் நகத்தால் சுரண்டினான். புதுக் கறுப்புப் பெயின்ட் தோலாக உரிந்து உள்ளே செந்துரு பொடியாகக் கொட்டியது. பெட்ரோல் மூடியைத் திறந்து டார்ச் அடித்தான். டாங்கின் உள்சுவரும் அதே நிறம். அந்தத் துருதான் கார்புரேட்டரை அடைத்துக் காலையில் என்னை முக்கவைத்தது. பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் நைசான கடல்மணல், அதோடு மடித்து வைத்த ஒரு சர்வீஸ் பில். ராமேஸ்வரத்துப் பட்டறை, 2021ஆம் ஆண்டு, 31,400 கிலோமீட்டர்.

"அண்ணே, இது கடற்கரையில் கிடந்த வண்டி. ஆர்.சி.தான் மதுரையில் இருந்திருக்கிறது" என்றான்.

சொகுசைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், அதற்குத்தானே வாங்கினேன். இரண்டு தெரு ஓட்டியபோது சோபா போலத்தான் இருந்தது. ஆனால் சாதாரண வண்டியில் பள்ளம் வந்தால் கால்மிதியை ஊன்றி இடுப்பைத் தூக்கிக்கொள்ளலாம். குரூசரில் கால் முன்னால் நீண்டிருப்பதால் எழ முடியாது. அடி முழுவதும் வால் எலும்புக்கு. பின் ஷாக் அப்சார்பர் நன்றாக இருந்தால்தான் அது தெரியாது. இதில் இடப்பக்க ஷாக் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது, துடைத்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தண்டில் விரலை வைத்துப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் வேண்டாம். ஓட்டிப் பார்க்க ஒரு மணி நேரம் கேளுங்கள். தர மறுத்தால் நடையைக் கட்டுங்கள்.

ரிம், கம்பிகள், ஷாக், டாங்கு சுத்தம், வெல்டிங் என்று இதுவரை 21,000 ஆகிவிட்டது. பில்லை எடுத்துக்கொண்டு புரோக்கரிடம் போனேன். பதற்றமே இல்லை. "பார்த்துத்தானே எடுத்தீர்கள் அண்ணே? பெயரும் மாறிவிட்டது" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். கிளம்பும்போது பின்னாலேயே வந்து, "பிடிக்கவில்லை என்றால் நானே எடுத்துக்கொள்கிறேன், முப்பதுக்குத் தருகிறீர்களா?" என்று கேட்டார்.